லாட்ஜ் சைட்டில் 1,400 எம்டி5 பாஸ்வேர்ட்: யாரையும் ரீசெட் பண்ணச் சொல்லாமல் மாற்ற வழி?

லாஸ்பேட்டை_பிஎச்பி:
புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு லாட்ஜின் புக்கிங் சைட். பாஸ்வேர்ட் எல்லாம் சால்ட் (ஒவ்வொன்றோடும் சேர்க்கும் தனி ரேண்டம் எழுத்து) இல்லாத எம்டி5 (எதையும் 32 எழுத்தாக உருமாற்றும் பழைய ஹாஷ்), டேபிளில் ஃபீல்டு வார்சார் 32, அதாவது 32 எழுத்துதான் கொள்ளும். எச்டிடிபிதான், என்கிரிப்ஷன் இல்லை. ஆனால் பிரவுசரிலேயே எம்டி5 ஆக்கி அனுப்புவதால் வைஃபையில் எவனும் திருட முடியாது என்கிறார் ஓனர். சரியா?

மஞ்சக்குப்பம்:
இல்லை. பாக்கெட்டைப் பிடிப்பவனுக்கு ஒரிஜினல் பாஸ்வேர்டே வேண்டாம். அந்த 32 எழுத்தை அப்படியே திருப்பி அனுப்பினால் சர்வர் கதவைத் திறந்துவிடும். டேபிள் லீக் ஆனாலும் இதே கதிதான், கிராக் பண்ணும் வேலைகூட மிச்சம்! முதலில் லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட் போட்டு எச்டிடிபிஎஸ்-க்கு மாறுங்கள். காசில்லை. ஆயுள் 90 நாளுக்கு மேல் போகாது, அதனால் ரினியூவலை கிரானில் (சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) விட்டுவிடுங்கள். செஷன் குக்கிக்கு செக்யூர் (எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் போகும்), எச்டிடிபிஒன்லி (ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாது) இரண்டும் வேண்டும். பிறகு பிரவுசரில் எம்டி5 ஆக்கும் அந்த ஜாவாஸ்கிரிப்டைத் தூக்கிவிடலாம்.

தேங்காய்த்திட்டு:
ஒவ்வொருவரும் லாகின் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள், வராதவர் எம்டி5 அப்படியே கிடக்கும். இருக்கிற எம்டி5 எழுத்தையே பிஎச்பியின் பாஸ்வேர்ட்_ஹாஷ் ஃபங்ஷனுக்குள் கொடுத்து, காஸ்ட் 12-இல் (கணக்கீடு எவ்வளவு மெதுவாக நடக்கும் என்ற அளவு) பீகிரிப்ட் (சால்ட் சேர்த்த, மெதுவான ஹாஷ்) ஆக்கி, 'பழசு = 1' என்று குறியுங்கள். அவர் லாகின் ஆகும்போது வந்த பாஸ்வேர்டை எம்டி5 ஆக்கி வெரிஃபை. சரியென்றால் நிஜ பாஸ்வேர்டையே புதிதாக ஹாஷ் செய்து பழசு = 0.

அதற்கு முன் ஃபீல்டை 255 ஆக்குங்கள். பீகிரிப்ட் 60 எழுத்து. 32-க்குள் திணித்தால், ஸ்ட்ரிக்ட் மோடு இல்லாத மைஎஸ்க்யூஎல் வெறும் வார்னிங்கோடு வெட்டிவிடும். எம்டி5-உம் போச்சு, 1,400 பேரும் வெளியே.

மஞ்சக்குப்பம்:
தமிழில் பாஸ்வேர்ட் வைப்பவர் உண்டா? பீகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி (யூனிகோட் கோட்பாயின்ட்) ஒவ்வொன்றும் 3 பைட். 'புதுச்சேரி' கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணக்கில் 10 குறி, 30 பைட்.

இன்னொரு தொல்லை 'கோரிமேடு'. 'கோ'வின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். பார்க்க ஒன்று, ஹாஷ் வேறு. போனில் நுழைந்தவர் லேப்டாப்பில் தவித்துப்போவார். பிஎச்பியின் இன்டில் எக்ஸ்டென்ஷனில் உள்ள நார்மலைசரில் என்எஃப்சி (இரண்டையும் ஒரே குறியாகச் சேர்த்த வடிவம்) ஆக்கிவிட்டு ஹாஷ் செய்யுங்கள். பழசு = 1 உள்ளவர்களுக்கு எம்டி5-க்கு முன் இதைச் செய்தால் பொருந்தாமல் போகலாம், வெரிஃபை ஆனபிறகுதான் செய்ய வேண்டும்.

லாஸ்பேட்டை_பிஎச்பி:
பழைய பேக்கப்பில் எம்டி5 இருக்கே சார்?

தேங்காய்த்திட்டு:
புதுசு ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதும் அதையும் அழித்துவிடுங்கள். ஓனர் பென்டிரைவில் இருப்பதையும் சேர்த்து.