பெட்டி மடிக்க முழுச் சம்பளமா?

பேக்கரி_திண்டுக்கல்:
கடையில 8 பேர் வேலை செய்யறாங்க. போன வாரம் ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. 24 வயசு, டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வர்ற அறிவுசார் குறைபாடு. ஏதாவது வேலை குடுங்கன்னு கேட்டாங்க. முடியாதுன்னு அனுப்பிட்டேன். அன்னிலேருந்து மனசு சரியில்ல. ஆனா சாயங்காலம் 5 மணிக்கு மேல எங்களுக்கு நிக்க நேரமிருக்காது. உள்ள ஓவன், எண்ணெய்ச் சட்டி. பக்கத்துலயே நின்னு சொல்லித்தர ஆளும் இல்ல. இது அரசாங்கமும் பெரிய கம்பெனியும் செய்ய வேண்டியதுன்னு நினைக்கிறேன். தப்பா?

மொத்த_வியாபாரி:
தப்பே இல்ல. மனசு கேக்கலைன்னா பாதிச் சம்பளத்துக்கு வச்சுக்கங்க. வீட்டுல சும்மா இருக்கறதுக்கு அது தேவலை.

சிறப்பாசிரியை:
அரசாங்க வேலைன்னு சுலபமா சொல்லிட்டீங்க சார். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல அரசு வேலைக்கு ஒதுக்கீடு 3 சதவீதம். அதுல பார்வை, செவித்திறன், கை கால் குறைபாடு மட்டும்தான் இருந்துச்சு. அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு 2016 சட்டத்துலதான் இடம் கிடைச்சுது. அதுவும் 4 சதவீதத்துல 1. அந்த ஒண்ணையும் ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு எல்லாரும் பங்கு போட்டுக்கணும். போட்டித் தேர்வு எழுதி உள்ள போக இந்தப் பிள்ளைங்கள்ல எத்தனை பேரால முடியும்? அதனாலதான் பெத்தவங்க தெருமுனைக் கடையில வந்து நிக்கறாங்க.

பேக்கரின்னா ஓவன் மட்டுமா? கேக் பெட்டி தட்டையாத்தானே வருது, அதை யார் மடிக்கிறா? ரஸ்க் 10 எண்ணிப் போடத் தெரியலைன்னா, 10 குழி வெட்டின பலகை ஒண்ணு வைங்க. குழியெல்லாம் நிறைஞ்சா ஒரு பாக்கெட். நான் பழக்கின பொண்ணு இப்படித்தான் ஊதுபத்தி கட்டறா. மூணு வாரம் கூட உக்காந்தேன், அப்புறம் என்னைத் தேடவே இல்ல.

பேக்கரி_திண்டுக்கல்:
பெட்டி மடிக்கிறது எங்க மாஸ்டர்தான். கூட்ட நேரத்துல ஓவனை விட்டுட்டு வருவார். தீபாவளிக்கு அப்படித்தான் ரெண்டு தட்டு பிஸ்கட் கருகிப்போச்சு.

மொத்த_வியாபாரி:
மத்தவன் 100 பெட்டி மடிக்கிற நேரத்துல இவர் 40 மடிச்சா? அமெரிக்காவுலயே குறைச்சுக் குடுக்கச் சட்டம் இருக்கு.

சிறப்பாசிரியை:
இருக்கு. 1938லேருந்து. வேலை வாய்ப்பு பறிபோயிடக் கூடாதுன்னு சொல்லித்தான் கொண்டுவந்தாங்க. வருஷக்கணக்கா அதே குறைஞ்ச கூலியிலயே கிடந்தவங்க நிறைய. அதனால நியூ ஹாம்ப்ஷயர், மேரிலாந்து, அலாஸ்கா மாநிலங்கள்ல அதை நிறுத்தியாச்சு. நம்ம 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துலயும் 26ஆம் பிரிவுல இதே மாதிரி விலக்கு குடுக்க வழி வச்சிருந்தாங்க.

மதுரை_அம்மா:
என் மகனுக்கு 27 வயசு. ஒரு ஜெராக்ஸ் கடையில 14 மாசம் பேப்பர் அடுக்கினான். காலையில கடை திறக்கறதும் அவன்தான். குடுத்தது மத்தியானச் சாப்பாடும் பஸ் காசும். ஒண்ணாம் தேதி எல்லாரும் சம்பளக் கவர் வாங்கும்போது அவனும் வரிசையில போய் நிப்பான். மூணாவது மாசம் வீட்டுக்கு வந்து, "எனக்கு கவர் எப்பம்மா?"ன்னு கேட்டான். பாதிச் சம்பளம் போதும்னு சொல்ற அண்ணனுக்காகத்தான் இதை எழுதறேன். அவனுக்குக் கணக்குத் தெரியாது. ஆனா தனக்கு மட்டும் இல்லைங்கறது தெரியுது.

மொத்த_வியாபாரி:
மன்னிச்சுக்கங்கம்மா. சும்மா வேலை வாங்கினது பெரிய பாவம். நான் சொல்றது அதில்ல. மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்கிற மிட்டி கஃபேன்னு உதாரணம் காட்டுவாங்க. 2017ல ஹூப்ளியில ஆரம்பிச்சது, உச்ச நீதிமன்ற வளாகத்துலகூட கடை இருக்கு. அது தொண்டு நிறுவனம், நன்கொடை வரும். பேக்கரி சாருக்கு யார் குடுப்பா?

பேக்கரி_திண்டுக்கல்:
இதுதான் என் கேள்வியும். மாற்றுத்திறனாளியை வேலைக்கு வச்சா முதலாளி பங்கு பிஎஃப், இஎஸ்ஐயை மத்திய அரசு கட்டும்னு 2008ல ஒரு திட்டம் வந்துச்சு. கடை இஎஸ்ஐக்குள்ள வர குறைஞ்சது 10 பேர், பிஎஃப்புக்கு 20 பேர் வேணும். இவரைச் சேர்த்தாலும் 9 பேர்தான், அதுல எனக்கு என்ன வரும்?

சிறப்பாசிரியை:
ஒண்ணும் வராது, ஒத்துக்கறேன். பழக்கற மூணு வாரச் செலவை அரசாங்கம்தான் ஏத்துக்கணும், அதைக் கேக்கத்தான் வேணும். அதுவரைக்கும் எங்க மாதிரி பள்ளிக்கூடங்கள்லேருந்து ஆள் வந்து கூட உக்காருவோம். நேரத்தைக் குறைங்க, மணிக்கூலியைக் குறைக்காதீங்க.

மொத்த_வியாபாரி:
எனக்கு இன்னும் சம்மதமில்ல. 40 பெட்டிக்கு 100 பெட்டிக் கூலின்னா மத்த பசங்க கேப்பாங்க.

பேக்கரி_திண்டுக்கல்:
கேட்டா மாஸ்டர் பதில் சொல்லுவார், அவர் ஓவனை விட்டு நகர வேண்டாமே. அந்த அம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். புதன்கிழமை 2 மணிக்கு வரச் சொல்லியிருக்கேன், அன்னிக்குக் கூட்டம் கம்மி. டீச்சர், அந்தக் குழிப் பலகை என்ன அளவுல வெட்டணும்?