'எஸ்கார்' தமிழில் என்ன? கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான காய்ச்சல் கையேடு ஒரு சொல்லுக்காக நிற்கிறது. ஸ்கிரப் டைபஸ் என்ற காய்ச்சல் நோயில் பூச்சி கடித்த இடத்தில் ஒரு பக்கு கட்டும். மருத்துவர்கள் 'எஸ்கார்' என்பது இதைத்தான். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலம், நடுவில் கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, காதின் பின்புறம் எனக் கண்ணில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். ஐந்தாறு நாள் காய்ச்சலோடு வருபவரிடம் இது தென்பட்டால் டெங்குவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா என்ற குழப்பம் பெருமளவு தீரும். 'சுட்டபுண்' என்று வைக்கலாமா? பார்க்க சிகரெட் சூடு மாதிரியேதான் இருக்கும். 'எஸ்காரா' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அடுப்பு, கனல்தட்டு என்றே பொருள்.

குன்னூரிலிருந்து:
ஐயா, சுட்டபுண் வேண்டவே வேண்டாம். "தீயினாற் சுட்டபுண்" என்றதும் நம் எல்லோருக்கும் வலிதான் நினைவுக்கு வரும். இதுவோ வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. தப்பிப்போவதற்கு முதல் காரணமே அதுதான். "உடம்புல புண்ணு ஏதாச்சும் இருக்கா?" என்று செவிலியர் கேட்பார், "இல்லீங்க" என்று பதில் வரும், சீட்டில் 'இல்லை' என்று எழுதியாகிவிடும். கேட்டு அறிவதல்ல, பார்த்து அறிவது. புண் என்ற சொல்லே வராமல் 'கரும்பொருக்கு' என்று வையுங்கள். பக்கத்திலேயே இதையும் சேருங்கள்: ஒரு பக்க அக்குளில் நெறி கட்டியிருந்தால் அந்தக் கை, மார்பு, முதுகு மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் அந்தக் காலையும் இடுப்பையும்.

ஊட்டியிலிருந்து:
கரும்பொருக்கு சரி. ஆனால் வரைவின் நான்காம் பக்கத்தில் 'கருப்பொருக்கு' என்று இருக்கிறது. கருமை + பொருக்கு பண்புத்தொகை. ஈறு போய், 'இனமிகல்' விதியால் மகரம் தோன்றும் (நன்னூல் 136). கரும்பலகை, கரும்பாறை போல. வல்லினம் மிகுந்தால் கருவின் பொருக்கு என்றாகிவிடும், கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவிலியருக்கு அது வேறு குழப்பம். பொருக்கு நல்ல சொல். சேறு காய்ந்து ஏடாக எழும்புவதும், மரப்பட்டை உதிர்வதும் பொருக்குதான். பொருபொருவென்று உதிர்வதால் வந்தது என்பது என் எண்ணம். பொரி, பொரிவு, பொருக்கு எல்லாம் ஒரே வேராக இருக்கலாம்.

கூடலூரிலிருந்து:
வேர் ஆராய்ச்சி பிறகு இருக்கட்டும் ஐயா. தலைப்பில் 'உண்ணிக்காய்ச்சல்' என்று போட்டிருக்கிறீர்கள். உண்ணி பரப்புவது குரங்குக் காய்ச்சல். 1957இல் ஷிமோகா பக்கம் கியாசனூரில் கண்டறியப்பட்டது, முதுமலைப் பகுதிக்கும் வந்த நோய். அது வைரஸ். ஸ்கிரப் டைபஸ் பாக்டீரியா, பரப்புவது உண்ணியல்ல, ஆறு கால் சிற்றுண்ணிக் ('மைட்') குஞ்சு, கண்ணுக்கே தெரியாது. ஸ்கிரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கும், குரங்குக் காய்ச்சலுக்குக் கேட்காது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் எங்கள் ஊரில் ஆபத்து.

'கரும்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஈரம் தங்கும் தொடையிடுக்கிலும் விதைப்பையிலும் பொருக்குக் கட்டாமல், மஞ்சள் படிந்த ஆழமில்லாத குழியாக மட்டும் நிற்கும். கருப்பைத் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். பாம்புக்கடியில் நம் மக்கள் சொல்லும் 'கடிவாய்' போதும்.

குன்னூரிலிருந்து:
கடிவாய் என்றால் "எதுவுமே கடிக்கலையே" என்பார்கள். கடித்தது தெரியவே தெரியாது, காய்ச்சல் வரப் பத்து நாள் வாக்கில் ஆகும். 'உண்ணி'யை எடுத்துவிடுங்கள், அதில் கூடலூர் சொல்வதே சரி.

மருந்துப் பகுதியில் ஒரு திருத்தம். பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். இரண்டும் மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டுக் காத்திருப்பது வீண், செல்லுக்குள் வாழும் கிருமியை அது அசைக்காது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் வேறு நோயா என்று மறுபடி பார்க்க வேண்டும். மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவு, மனக்குழப்பம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பரிந்துரைச் சீட்டில் 'எஸ்கார்' என்றே எழுதச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் மருத்துவருக்குக் கரும்பொருக்கு புரியாது.

ஊட்டியிலிருந்து:
சீட்டிலும் எஸ்கார், வாயிலும் எஸ்கார் என்றால் தமிழ்ச் சொல் எங்கேதான் புழங்கும்?

கோத்தகிரியிலிருந்து:
அச்சகம் காத்திருக்கிறது. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் பக்கம் கரும்பொருக்கு. முதலில் வரும் இடத்தில் 'கரும்பொருக்கு (எஸ்கார்)', பிறகு கரும்பொருக்கு மட்டும், சீட்டில் எஸ்கார். தலைப்பு 'ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல்'. "கரும்பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது" என்ற வரி தடித்த எழுத்தில் வரும்.

கூடலூரிலிருந்து:
அந்த வரிக்குக் கீழே ஈர இடத்துக் குழியின் படத்தையும் போடுங்கள். படம் இல்லாமல் இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியாது.