கிளையும் பிரிவும் சேர்த்து ஒரே கீ: பாக்கி ரிப்போர்ட்டை இப்படிப் பிரிக்கலாமா?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் ரிப்போர்ட் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் மென்பொருள் காக்னோஸ்தான். மாதம் பிறந்ததும் பாக்கி ரிப்போர்ட் ஓடும்: எந்தக் கடை எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளாக இழுக்கிறது என்று. இதுவரை கிளை எண்ணை வைத்து பர்ஸ்ட் செய்து (ஒரே ரிப்போர்ட்டைத் தனித்தனித் துண்டாகப் பிரித்து அனுப்புவது), கிளைக்கு ஒரு பிடிஎஃப் வீதம் மேனேஜருக்கு மெயிலில் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு கிளையிலும் மாத்திரை, ஊசி மருந்து, கால்நடை மருந்து என்று வசூலுக்கு ஆள் பிரித்துவிட்டார்கள். ஆகவே கிளை, பிரிவு இரண்டும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனி பிடிஎஃப் வேண்டும். கிளைகள் கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புதுச்சேரி, காரைக்கால், ஏனாம். இரண்டு எண்களையும் ஒட்டி ஒரே டேட்டா ஐட்டமாக்கி (குவெரியின் ஒரு நெடுவரிசை), அதையே கீயாக, அதாவது பிரிக்கும் அடையாளமாக வைத்து பர்ஸ்ட் செய்யலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

வில்லியனூரான்:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. குவெரியில் புதிதாக ஒரு டேட்டா ஐட்டம் போடுங்கள். இரண்டு எண்ணையும் முதலில் எழுத்து வகைக்கு மாற்றி, நடுவில் ஒரு சிறுகோடு (-) வைத்து, ஒட்டும் குறியான `||` போட்டு ஒட்டுங்கள். பர்ஸ்ட் ஆப்ஷனில் குரூப்புக்கும் லேபிளுக்கும் அதையே கொடுங்கள். ரெசிப்பியன்ட்டில் மெயில் முகவரி ஐட்டம். ஷெட்யூலில் பர்ஸ்ட் டிக் போட மறக்காதீர்கள், மறந்தால் மொத்தமும் ஒரே பிடிஎஃப்பாக வந்து நிற்கும். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

முத்தியால்பேட்டை:
காபி ஆறாது, ஆனால் அடுத்த மாதம் வயிறு எரியும். காக்னோஸில் பர்ஸ்ட் குரூப்புக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டா ஐட்டத்தை இழுத்துப் போடலாம். முதலில் கிளை, அதன் கீழ் பிரிவு. ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ஐட்டம் கேட்பது லேபிள் மட்டும்தான். அது வெறும் பெயர்ப்பலகை, அதற்கு ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த வரி எந்த பிடிஎஃப்புக்குப் போகும் என்பதை ஒட்டுப்போட்ட எழுத்திடம் விடாதீர்கள்.

கோடு இல்லாமல் ஒட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கிளை 1, பிரிவு 12 என்றால் 112. கிளை 11, பிரிவு 2 என்றாலும் 112. இரண்டும் ஒரே பிடிஎஃப்பில் விழும். ஒரு கிளையின் கடைக்காரர் பாக்கி இன்னொரு கிளை வசூல் ஆள் கையில் போய்ச் சேரும். மருந்துக்கடைக்காரர்களுக்குள் இந்தச் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும்.

வில்லியனூரான்:
அதற்குத்தானே கோடு போடச் சொன்னேன்? 1-12 வேறு, 11-2 வேறு. எழுதியதைப் படித்துவிட்டு மறுத்தால் நன்றாக இருக்கும் சார்.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். ரிப்போர்ட்டில் பட்டியல் மட்டும் இருந்தால் உங்கள் வழி சரி. சார்ட்டோ கிராஸ்டேப்போ (குறுக்கு அட்டவணை) இருந்தால் மாஸ்டர் டீட்டெய்ல் இணைப்பு கட்டாயம், அதாவது பிரிக்கும் கீயோடு சார்ட்டின் டேட்டாவைப் பொருத்திவிட வேண்டும். ஒரே கீ என்றால் ஒரே இணைப்பு. இரண்டு ஐட்டம் என்றால் ஒவ்வொரு சார்ட்டுக்கும் இரண்டிரண்டு. ஒன்றை விட்டுவிட்டால் போதும், காரைக்கால் ஊசி மருந்து ரிப்போர்ட்டில் காரைக்காலின் எல்லாப் பிரிவும் சேர்ந்த சார்ட் உட்கார்ந்திருக்கும். எர்ரர் எதுவும் வராது, யார் கண்ணிலும் படாது.

முத்தியால்பேட்டை:
சார்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கோடு எல்லாவற்றையும் காப்பாற்றாது. அந்தச் சிறுகோடு கிளைக் குறியீட்டுக்குள்ளேயே இருந்தால்? பல கம்பெனிகளில் கிளைக் குறியீட்டை வண்டிப் பதிவு மாதிரி பிஒய்-01, பிஒய்-02 என்று வைத்திருப்பார்கள். கோட்டுக்குப் பதில் நேர்க்கோடு `|` போட்டால் மோதாது, ஆனால் அதே லேபிளை ஃபைல் பெயராக்கினால் விண்டோஸ் ஏற்காது. சாய்கோடும் அப்படித்தான்.

இதைவிட மோசமானது காலி மதிப்பு. பழைய பில்களில் பிரிவு எண் 'நல்' ஆக இருக்கும். ஆரக்கிள் டேட்டாபேஸில் `||` போட்டால் நல்லை வெற்று எழுத்தாக எடுத்துக்கொள்ளும், '4-' என்று கிடைக்கும், தொலைகிறது. எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் `+` போட்டால், செட்டிங்கை யாரும் மாற்றாதவரை, ஒரு பக்கம் நல் என்றால் முழுக் கீயும் நல். கடலூர், காரைக்கால், ஏனாம் என்று எல்லாக் கிளையின் பிரிவு இல்லாத பில்களும் ஒரே நல் மூட்டைக்குள் விழும். அந்த பிடிஎஃப் யாருக்குப் போக வேண்டும்?

லாஸ்பேட்டை அக்கா:
இருவரும் காக்னோஸை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள். நான் வேலை பார்ப்பது ஆரக்கிள் பிஐ பப்ளிஷரில், அதுவும் ரிப்போர்ட் மென்பொருள்தான். அங்கே ஸ்பிளிட் பை (எதை வைத்துப் பிரிப்பது) என்று ஒரே ஒரு எலிமென்ட்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு ஃபீல்டில் பிரிக்க வேண்டுமென்றால் டேட்டா மாடலின் எஸ்க்யூஎல்லிலேயே ஒட்டியாக வேண்டும், எங்களுக்கு விவாதமே கிடையாது.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. பர்ஸ்டிங் குவெரி தனியாக எழுத வேண்டும்: கீ, டெம்ப்ளேட், அவுட்புட் ஃபார்மேட், டெலிவரி சேனல், பாராமீட்டர்1 முதலான நெடுவரிசைகள். மெயில் என்றால் பாராமீட்டர்1-இல் முகவரி. டேட்டா பக்கம் ஒட்டிய கீயும் இந்தக் குவெரியில் வரும் கீயும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பிரிவுக் குறியீடு கேர் (நிலையான நீள எழுத்து) வகை, பின்னால் வெற்றிடம் ஒட்டியிருக்கிறது, மறு பக்கம் வார்கேர் (மாறும் நீளம்) என்றால் பொருந்தாது. வெற்றிடத்தை வெட்டும் டிரிமை இரண்டு பக்கமும் போடுங்கள். டேட்டாவும் அந்தக் கீ வரிசையில் வந்தாக வேண்டும். எண்ணை எழுத்தாக்கியதும் வரிசை 1, 10, 11, 2 என்று மாறும், பயப்படாதீர்கள், ஒரே கீ அடுத்தடுத்து வந்தால் போதும்.

வில்லியனூரான்:
அக்கா சொன்னதுதான் நடைமுறை. எண்ணை விடப் பெயரை ஒட்டினால் இன்னும் நல்லது என்பேன். 'புதுச்சேரி_ஊசி' என்று பார்த்தவுடன் மேனேஜருக்குப் புரியும். '4-2' என்றால் போன் போட்டுக் கேட்பார்.

முத்தியால்பேட்டை:
ஐயோ, பெயரா! 2006-இல் ஊர்ப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது. நம் ஊர்க் கஸ்டமர் மாஸ்டர் எதையாவது திறந்து பாருங்கள், பாண்டிச்சேரி, பாண்டி, புதுச்சேரி மூன்றும் இருக்கும். பெயரை ஒட்டினால் ஒரே கிளைக்கு மூன்று பிடிஎஃப். மாவட்டத்தை வைத்துப் பிரித்தவர்களுக்கும் இதே கதிதான். 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனியாகப் போனதே, பழைய பில்லில் பாதி விழுப்புரம், புதிதில் கள்ளக்குறிச்சி.

ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் 34தான். அது பிரிக்க உதவாது.

என் யோசனை: டேட்டாபேஸில் சின்ன டேபிள். கிளை எண், பிரிவு எண், அந்த ஜோடிக்கு ஒரு தனி எண், காட்ட வேண்டிய பெயர், மெயில் முகவரி. பர்ஸ்ட் அந்தத் தனி எண்ணில். லேபிளுக்குப் பெயர். உங்கள் மாஸ்டர் டீட்டெய்ல் இணைப்பும் ஒன்றே ஒன்றுதான் ஆகிறது, கவனித்தீர்களா?

வில்லியனூரான்:
கவனித்தேன். அந்த டேபிளை யார் பார்த்துக்கொள்வது? பண்ருட்டியில் திடீரென்று கால்நடை மருந்து ஆரம்பிக்கிறார்கள். பில் போட ஆரம்பித்துவிடுவார்கள், ரிப்போர்ட் ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். டேபிளில் வரி இல்லை, இரண்டு பக்கமும் பொருந்தும் வரியை மட்டும் எடுக்கும் இன்னர் ஜாயினில் அந்தப் பில்களே காணாமல் போகும். ஒட்டிய கீ என்றால் டேட்டாவில் ஜோடி வந்த அன்றே பிடிஎஃப்பும் வந்துவிடும். மூட்டை தவறினாலும் கண்ணில் படும். காணாமல் போன பில்லை யார் தேடுவது?

லாஸ்பேட்டை அக்கா:
இந்தக் கேள்வி சரியான கேள்வி. டேபிள் வைக்கிறவர்கள் எல்லாம் இங்கேதான் சறுக்குகிறார்கள். பில் பக்கத்திலிருந்து அவுட்டர் ஜாயின் போடுங்கள், பொருந்தாத பில்லும் விடுபடாது. டேபிளில் பொருந்தாத வரிக்குத் தனி எண் 0, பெயர் 'பிரிக்கப்படாதவை', மெயில் முகவரி ரிப்போர்ட் எழுதியவருடையது. நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு வைக்கும் கோயலெஸ் போதும். புது ஜோடி வந்தாலும் நல் பிரிவு வந்தாலும் அந்த பிடிஎஃப் உங்கள் இன்பாக்ஸில் விழும், வேறு யார் கையிலும் போகாது. எந்த மாதமும் அது வராமலே இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் இலக்கு.

முத்தியால்பேட்டை:
அக்கா, இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன்.

வில்லியனூரான்:
நான் பாதிதான் ஏற்கிறேன். கிளை ஆறு, பிரிவு மூன்று, ஆகப் பதினெட்டு ஜோடி. அதற்கு ஒரு டேபிள், அதை மாற்ற டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) டிக்கெட், அவர் லீவில் போனால் காத்திருப்பு. எங்கள் ஆபீஸில் நான் ஒட்டித்தான் ஓட்டுவேன், இரண்டு ஃபீல்டிலும் நல் சோதனை போட்டு. உங்கள் ஆபீஸில் டேபிளில் கை வைக்க உரிமை இருந்தால் அக்கா வழியில் போங்கள்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் நன்றி. எங்களிடம் டேட்டாபேஸில் ரிப்போர்ட்டுக்கென்று தனி ஸ்கீமா (தனிப் பகுதி) இருக்கிறது, டேபிள் போட எனக்கே உரிமை உண்டு, அதனால் டேபிள் வழிதான். சார்ட் ஒன்றும் இருக்கிறது, தனி எண்ணில் இணைக்கிறேன். ஒரு கடைசிச் சந்தேகம்: ஏனாமில் மூன்று பிரிவுக்கும் ஒரே ஆள். அவருக்கு மூன்று மெயில் போகுமே?

லாஸ்பேட்டை அக்கா:
பிஐ பப்ளிஷர் என்றால் ஸ்பிளிட் பை ஜோடியில், டெலிவர் பை (எதை வைத்து அனுப்புவது) ஆளில் என்று பிரித்து வைக்க இடம் உண்டு. காக்னோஸில் அந்தச் சுற்று வேண்டாம். டேபிளில் ஏனாமின் மூன்று வரிக்கும் ஒரே தனி எண், ஒரே பெயர் கொடுத்துவிடுங்கள். ஒரே பிடிஎஃப்பாகப் போகும், உள்ளே பிரிவு வாரியாக செக்‌ஷன் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அங்கே இன்னொரு ஆள் வந்தால் ஒரு வரியில் எண்ணை மாற்றினால் போதும், ரிப்போர்ட்டைத் திறக்கவே வேண்டாம்.

வில்லியனூரான்:
ஒட்டிய கீயில் இதைச் செய்ய ஒரு கேஸ் ஸ்டேட்மென்ட் எழுத வேண்டியிருக்கும். சரி, இந்தப் புள்ளி உங்களுக்கு.