3,000 பீஸ் டி-ஷர்ட் ஆர்டர்: நூல் வாங்குவதிலிருந்து கடைக்குப் போய்ச் சேரும் வரை எங்கே குறைகிறது?

கேட்டவர்: காட்டன்கோன்

வணக்கங்க. திருப்பூரில் சொந்த பிராண்டில் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் போட்டு, தமிழ்நாடு, கேரளா பக்கம் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறோம். சொந்த மெஷின் எதுவும் இல்லை. நூல் மட்டும் நாங்கள் வாங்குகிறோம், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணியின் அகலம், சுருக்கத்தைச் சரிசெய்வது), கட்டிங், தையல் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தருவது).

ஆர்டர் 3,000 பீஸ். 24ஸ் கோம்டு (24-ம் நம்பர் சீவிய பருத்தி நூல்), சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுக்கான பின்னல் துணி), 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்), நான்கு கலர். ஒரு பீஸுக்கு பாடித் துணி 165 கிராம். கட்டிங் வேஸ்ட் 17 சதவீதம் சேர்த்து 193 கிராம் என்று போட்டுத்தான் நூல் வாங்குகிறோம். ஆனாலும் ஒவ்வொரு ஆர்டரிலும் 80, 100 பீஸ் குறைகிறது. சில கலரில் கழுத்து ரிப்பும் (கழுத்துப் பட்டைக்கான இழுபடும் துணி) பாடியும் நிறம் ஒட்டவில்லை. கடைக்காரர்கள் 60 நாள் கடன் கேட்பதால் அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்கப் பணம் இருப்பதில்லை. முதலில் எதைச் சரிசெய்யணும்?

பதில் 1: எடைத்தராசு

உங்கள் கணக்கிலேயே பாதிக் குறை இருக்குதுங்க. கட்டிங் வேஸ்ட் 17 சதவீதம் என்றால் அது மேசையில் விரிக்கிற துணியில் 17 சதவீதம், பீஸ் எடையில் இல்லை. அதனால் 165-ஐ 1.17-ஆல் பெருக்கக் கூடாது, 0.83-ஆல் வகுக்கணும். வருவது 198.8 கிராம். வித்தியாசம் பீஸுக்கு 6 கிராம்கூட இல்லை, ஆனால் 3,000 பீஸுக்கு 17 கிலோ. 17 கிலோவில் 86 பீஸ் வெட்டலாம். நீங்கள் தேடுகிற பீஸ் இதுதான்.

எப்போதும் பீஸிலிருந்து நூலுக்குப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்க. பீஸுக்கு 200 கிராம் என்றால் 600 கிலோ முடிந்த துணி. ரிஜெக்ட், ஆல்ட்டர் எல்லாவற்றுக்கும் 3 சதவீதம் கூட்டினால் 618. டையிங், காம்பாக்டிங் லாஸ் 6 சதவீதம் என்றால் 618-ஐ 0.94-ஆல் வகுத்து 657 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி). நிட்டிங்கில் 1 சதவீதம் போகும், அதற்கு 0.99-ஆல் வகுத்தால் 664 கிலோ நூல். கழுத்து ரிப்புக்குப் பீஸுக்குச் சுமார் 10 கிராம், அது தனிக் கணக்கு.

லாஸ் சதவீதத்தைக் கலர் வாரியாகப் போடுங்க. கறுப்பு, நேவியில் ஏறுகிற சாயமே கொஞ்சம் எடை கொடுக்கும், வெள்ளையில் அது கிடையாது. நான்கு கலருக்கும் ஒரே 6 சதவீதம் போட்டால் கறுப்பில் துணி மிஞ்சும், வெள்ளையில் குறையும்.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடை எழுதணும், அதுவும் உங்கள் ஆள் முன்னாலேயே. நிட்டிங்காரர் திருப்பித் தருகிற துணி, மீதிக் கோன் (நூல் சுற்றிய கூம்பு), வேஸ்ட் மூன்றையும் கூட்டினால் நீங்கள் கொடுத்த நூல் எடை வந்தாகணும். காம்பாக்டிங் முடிந்த கையோடு எடை போட்டு ‘லாஸ் 3 சதவீதம்தான்’ என்று சொன்னால் நம்பாதீங்க. பருத்தி சாதாரணமாகவே 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கிற நார். சரியாக உலராத துணியில் தண்ணீரும் சேர்ந்துதான் தராசில் நிற்கும். ஒரு நாள் விட்டு எடை போட்டால்தான் உண்மையான லாஸ் தெரியும்.

பதில் 2: சாயத்தொட்டி

மேலே சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அது 180 ஜிஎஸ்எம் 180-ஆகவே வந்தால் மட்டும்தான் நிற்கும். துணி 190-ல் வந்தால் அதே 600 கிலோவில் 2,842 பீஸ்தான் வெட்ட முடியும். 158 பீஸ் காணாமல் போகும், அதே நேரம் எடை ஏட்டில் எல்லாம் சரியாகவே தெரியும். கட்டிங் மாஸ்டர் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஜிஎஸ்எம் கட்டர் எடுங்க. அது வெட்டுகிற வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். தராசில் 1.80 கிராம் காட்டினால் 180. ரோலின் ஒரு ஓரத்தில் மட்டும் வெட்டாமல் இரண்டு ஓரம், நடு என்று மூன்று வட்டம் எடுங்க. நிட்டிங்கில் லூப் லென்த் (ஒரு கண்ணிக்குப் போகும் நூல் நீளம்) மாறியிருந்தாலும் காம்பாக்டிங்கில் அகலத்தை இழுத்தாலோ நெருக்கினாலோ ஜிஎஸ்எம் மாறிவிடும். அதனால் நிட்டிங் டிசியிலேயே (நூலோடு போகும் டெலிவரி சலான்) லூப் லென்த், டயா (மெஷினின் விட்டம்), கேஜ் (அங்குலத்துக்கு ஊசி எண்ணிக்கை) மூன்றையும் எழுதிக் கொடுங்க. ‘180 வேணும்’ என்று போனில் சொன்னால் போதாது.

சுருக்கத்துக்கு: துணியில் 50-க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் போட்டுத் துவைத்துக் காயவைத்து அளங்க. நீளவாட்டில் 47.5 வந்தால் 5 சதவீதம் சுருங்குகிறது. ரோலைப் பிரித்து 24 மணி நேரம் தளர விட்ட பிறகு வெட்டச் சொல்லுங்க. அவசரத்தில் உடனே வெட்டினால் மேசையில் சரியாக இருந்த பீஸ் அயர்ன் மேசைக்கு வரும்போது ஒரு சைஸ் இறங்கி நிற்கும்.

ரிப் நிறம் ஒட்டாததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, ரிப்புக்கு வேறு மில் நூல் அல்லது அதே மில்லின் வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) போயிருக்கும். இரண்டாவது, பாடியைச் சாயம் போட்ட பிறகு ரிப்பைத் தனித் தொட்டியில் போட்டிருப்பார்கள். ரிப்பும் பாடியும் ஒரே லாட் நூலில், ஒரே சாயத் தொட்டியில் சேர்ந்து போகணும். ஜாப் கார்டில் ‘பாடி + ரிப் ஒரே பாத்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்க. நூல் லாட் கலந்தால் பாடியிலேயே குறுக்கு வரி விழும். கிரேயில் அது தெரியாது, சாயம் ஏறிய பிறகுதான் தெரியும்.

லேப் டிப்பை (சாயம் போடுவதற்கு முன் பட்டறை காட்டும் சின்ன நிற மாதிரி) டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப் வெளிச்சம்) இரண்டு விளக்கிலும் பாருங்க. வெயிலில் ஒட்டிய நிறம் கடையின் டியூப் வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம், கடைக்காரர் துணியைப் பார்ப்பது அந்த வெளிச்சத்தில்தான்.

இன்னொன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அனுமதி உள்ளவர்கள் எல்லாரும் கழிவுநீர் வெளியே போகாத முறையில்தான் ஓட்டுகிறார்கள். பட்டறை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று கேட்ட பிறகு துணி இறக்குங்க. கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு என்று அனுமதியில்லாத இடத்தில் போட்டால், பட்டறைக்குச் சீல் விழும் நாளில் உங்கள் துணியும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பதில் 3: பற்றுவரவு

பண விஷயத்துக்கு வருகிறேன். நூலுக்கு முதல் நாளே பணம் கட்டுகிறீர்கள். 40 நாளில் சரக்கு கடைக்குப் போகிறது. 60 நாள் கடன். ஒரு ரூபாய் திரும்ப வர 100 நாள். வருஷத்துக்கு மூன்றரைச் சுற்றுதான். கடனை 30 நாளாக்கினால் ஐந்து சுற்று. ஆனால் அதற்காக எல்லாருக்கும் 2 சதவீதம் தள்ளுபடி கொடுக்காதீங்க. 30 நாளுக்கு 2 சதவீதம் என்பது வருஷத்துக்கு 24 சதவீத வட்டி. கையில் அடுத்த ஆர்டர் உறுதியாக இருந்து, நூல் வாங்க மட்டும் பணம் இல்லை என்றால் கொடுக்கலாம். இல்லையென்றால் வங்கி ஓடி (ஓவர்டிராஃப்ட்) மலிவு.

2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரணும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. அதோடு 2023 நிதிச் சட்டத்தில் வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டிக் கொடுத்த பணத்தை, கடைக்காரர் அதைக் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். உங்கள் உத்யம் எண்ணை (குறு, சிறு நிறுவனப் பதிவு எண்) ஒவ்வொரு பில்லிலும் அச்சடிங்க. ‘60 நாள்’ என்று கேட்கிற கடைக்காரரின் ஆடிட்டருக்கே அதைப் பார்த்ததும் விஷயம் புரியும்.

இது உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்காதீங்க. உங்கள் நிட்டிங்காரர், தையல் கான்ட்ராக்டர் உத்யம் பதிவு வைத்திருந்தால் மார்ச் 31-க்கு முன் அவர்கள் பாக்கியைப் பார்த்து முடிங்க. சின்ன யூனிட்டுக்குப் பணம் இழுத்தடித்தால் சனிக்கிழமை அவர் ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாது, திங்கட்கிழமை உங்கள் பீஸ் லைனில் ஏறாது.

ஜாப் ஒர்க்குக்குப் போகிற ஒவ்வொரு லோடுக்கும் டெலிவரி சலான் போடுங்க. சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால் ஜிஎஸ்டியில் அது அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்காகும். ஏதோ ஒரு நிட்டிங் ஷெட்டில் தூங்குகிற மீதிக் கோனுக்கும் அதே விதிதான்.

காட்டன்கோன்

ரொம்ப நன்றிங்க. வகுக்கிற கணக்கு இவ்வளவு நாள் தெரியாமல் போச்சு. இன்னொரு சந்தேகம்: நான்கு கலரையும் மொத்தமாகச் சாயம் போட்டு வைத்துவிடுகிறோம், சீசன் முடிவில் மெரூன் மட்டும் தேங்குகிறது. கலரைக் குறைத்துவிடலாமா?

பதில் 4: ரேக்_நம்பர்_3

கலரைக் குறைக்க வேண்டாங்க, சாயம் போடும் தேதியைத் தள்ளுங்க. 657 கிலோ கிரேயில் முதலில் 400 கிலோ மட்டும் டையிங்குக்கு அனுப்புங்க. மீதியைக் கிரேயாகவே, பாலித்தீன் சுற்றி, தரையில் படாமல் கட்டை மேல் வைங்க. கிரேயை எந்தக் கலராகவும் மாற்றலாம், மெரூன் போட்ட பிறகு அது மெரூன்தான். இரண்டு வாரம் கழித்துக் கடைகளில் எந்தக் கலர், எந்த சைஸ் குறைந்திருக்கிறது என்று போனில் எண்ணிக்கை வாங்குங்க. ‘நல்லாப் போகுது’ என்ற பதிலை ஏற்காதீங்க, ரேக்கில் நிற்கிற பீஸ் எண்ணிக்கைதான் வேணும். அதைப் பார்த்து இரண்டாவது லாட்.

இரண்டாவது லாட்டைச் சாயத்தொட்டி சொன்ன மாதிரி ரிப்போடு சேர்த்தே அனுப்பணும், அதற்காக ரிப் கிரேயையும் அதே விகிதத்தில் பிரித்து வைங்க. இரண்டு லாட்டுக்கும் இடையில் கொஞ்சம் ஷேடு வித்தியாசம் வரத்தான் செய்யும். ஒரு கடைக்கு ஒரே லாட் பீஸ் போகிற மாதிரி அட்டைப் பெட்டியில் லாட் எண் ஒட்டுங்க.

சைஸ் விகிதம் 1:2:2:1 என்று கண்ணை மூடிப் போட்டால் 500, 1,000, 1,000, 500 வரும். கடைகளிலிருந்து வாங்கிய எண்ணிக்கையைக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து மார்க்கரையே (துணியில் எந்த சைஸ் பாகம் எங்கே என்று வரைந்த வெட்டுப் படம்) மாற்றச் சொல்லுங்க. மார்க்கர் மாறினால் 17 சதவீத வேஸ்ட்டும் மாறும். அதனால் முதல் லே (அடுக்கி விரித்த துணி) வெட்டியதும் துண்டுத் துணியை மூட்டை கட்டி எடை போட்டு, எடைத்தராசு சொன்ன 0.83-ஐத் திருத்திக்கொண்ட பிறகே அடுத்த நூலுக்கு ஆர்டர் போடுங்க. மில்கள் பெரும்பாலும் மாசப் பிறப்பில்தான் விலை சொல்வார்கள், அதனால் இந்தக் கணக்கு 28-ம் தேதிக்குள் உங்கள் கையில் இருக்கணும்.