கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள்: கையால் முடிச்சிட்ட கம்பளி விரிப்புகள், உங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

கம்பளம் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், முகத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அண்மையில் நண்பர் ஒருவருக்குத் துணையாகக் கடைக்குப் போயிருந்தேன். விற்பனையாளர் விரித்துக் காட்டிய சிவப்புக் கம்பளம் கண்ணைப் பறித்தது. “முழுக்கக் கைவேலை சார், சுத்தமான கம்பளி” என்றார். ஒரு மூலையைப் பிடித்துத் திருப்பினேன். பின்புறம் முழுவதும் கெட்டித் துணி ஒட்டியிருந்தது. ஓரத்துக் குஞ்சத்தை விரலால் தடவிக்கொண்டே போனால், அது கம்பளத்துக்குள் நுழையாமல் விளிம்பிலேயே தையலோடு நின்றுவிட்டது. முகர்ந்தால் ரப்பர் நெடி.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கையில் பிடித்த துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணியில் குத்திக் குத்தி ஏற்றி, பின்பக்கம் ரப்பர் பசை பூசி, மேலே இன்னொரு துணியை ஒட்டிவிடுகிறார்கள். கைதான் வேலை செய்கிறது, கம்பளியும் உண்மையான கம்பளிதான். ஆனால் நூலைப் பிடித்துக்கொண்டிருப்பது பசை. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பசை காய்ந்து மாவாக உதிரும். தரையில் வெள்ளைத் தூள் விழும். பிறகு நூல் கழன்று வரும். கொஞ்ச காலத்துக்கு ஒரு விரிப்பு போதும் என்பவர்கள் தெரிந்தே அதை வாங்கலாம். தலைமுறைக்கும் வரும் என்று நம்பி வாங்குவதுதான் கொடுமை.

கையால் முடிச்சிட்ட கம்பளத்தில் பசைக்கு வேலையே இல்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு இழைகளில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு அறுத்து, ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை இழையை ஓட்டி, சீப்பு போன்ற இரும்புக் கருவியால் அடித்து இறுக்குகிறார்கள். அதனால் முன்பக்கம் தெரியும் பூ, கொடி எல்லாம் பின்பக்கமும் அப்படியே தெரியும். முடிச்சுகள் சிறு சிறு புள்ளிகளாக, அச்சு வார்த்தாற்போல் இல்லாமல் சற்று ஏறியும் இறங்கியும் நிற்கும். குஞ்சம் என்பது அந்தப் பாவு இழைகளின் நுனியே. அதனால்தான் அதை வெட்டக் கூடாது.

இந்த முறை எவ்வளவு பழையது என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பனியில் உறைந்து கிடந்த கல்லறையிலிருந்து தொல்லியல் அறிஞர் செர்கெய் ருதென்கோ 1949இல் வெளியே எடுத்த பஸிரிக் கம்பளம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 2 மீட்டர் சதுரம். முழுக்கக் கையால் போட்ட முடிச்சு. மான்களும் குதிரை வீரர்களும் இன்னும் அடையாளம் தெரிகிறார்கள்.

ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை முடிச்சு என்று மட்டும் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நுணுக்கமான பூவேலைக்கு நெருக்கமான முடிச்சு வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் மலைவாழ் மக்கள் தடித்த நூலில் நெய்யும் கம்பளத்தில் முடிச்சு குறைவாக இருந்தாலும், கம்பளி நன்றாக இருந்தால் நடமாட்டத்தை அருமையாகத் தாங்கும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நல்ல கம்பளி எழுந்து நிற்கும், கையில் இலேசான எண்ணெய்ப் பசை தெரியும். வறண்டு, விரலுக்குள் உடைந்து வருவதை அங்கேயே விட்டுவிடுங்கள். புதுக் கம்பளம் சில மாதங்கள் பஞ்சு உதிர்ப்பது இயல்பு. அறுத்த நூலின் துணுக்குகள் அவை. ஒரே நிறம் நடுவில் சற்று வெளிறியோ கருத்தோ பட்டையாகத் தெரிந்தாலும் குறை என்று எண்ண வேண்டாம். ஒரு சாயத் தொட்டியின் நூல் தீர்ந்து அடுத்ததைத் தொடங்கிய இடம் அது. அப்ரஷ் என்பார்கள். எனக்கு அது இல்லாத கம்பளம் கொஞ்சம் வெறுமையாகவே தெரியும்.

நீங்கள் கண்டதையும் எழுதுங்கள்.

மறுமொழி

பட்டு கலந்தது என்று சொல்லி விற்பார்கள், அங்கேயும் கவனம் தேவை. என் அத்தைக்கு அப்படி ஒன்று வந்தது. மின்னியது, வழுவழுப்பாக இருந்தது. அவர் குஞ்சத்தருகே உதிர்ந்து கிடந்த இரண்டு இழைகளை எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்தினார். காகிதம்போல் சரசரவென எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. பட்டோ கம்பளியோ என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சுருண்டு தானாக அணையும், கரியை நசுக்கினால் பொடியாகும். அது மரக்கூழிலிருந்து செய்த விஸ்கோஸ். தண்ணீர் பட்டால் பலம் இழந்து, உலர்ந்ததும் அந்த இடம் மஞ்சளாகிக் கரடாகிவிடும். கடையில் நெருப்பு வைக்க முடியாது. ஆனால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்க்க யாரும் தடுக்க மாட்டார்கள். துணியில் சாயம் ஏறினால் அந்தக் கம்பளத்தைக் கழுவவே முடியாது.

மறுமொழி

நான் கம்பளம் பழுது பார்ப்பவன். முதல் பதிவில் நண்பர் முதுகைப் பார்க்கச் சொன்னது வாங்கும்போது மட்டும் பொருந்துவதில்லை. வாங்கி விரித்த பிறகு யாரும் திருப்பிப் பார்ப்பதே இல்லை. எங்களிடம் வரும் சேதங்களில் பெரும்பகுதி அங்கே ஆரம்பிக்கிறது.

ஒரு வீட்டில் கூடத்து மூலையில், கம்பளத்தின் மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். கீழே தட்டும் இருந்தது. மேலே பார்த்தால் நிறம்கூட மாறவில்லை. அந்த மூலையைத் தூக்கி இலேசாக மடித்தேன். காய்ந்த சுள்ளி ஒடிவதைப் போன்ற சத்தம். அடியில் இருக்கும் பருத்திப் பாவு முழுவதும் இற்றுப்போயிருந்தது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே இருக்கும். அடியில் உள்ள பருத்தியோ ஈரத்திலேயே கிடந்து பூஞ்சை பிடித்து அழுகும். கம்பளத்தின் மேல் தொட்டி வேண்டவே வேண்டாம்.

ஏதாவது கொட்டிவிட்டால் உடனே வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து அழுத்துங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள்; தேய்த்தால் கறை அடிவரை இறங்கும், கம்பளியும் சிக்குப்பிடிக்கும். பிறகு கொஞ்சம் குளிர்ந்த நீர், மறுபடி அழுத்தல். துணி சுத்தமாக வரும்வரை இதையே செய்யுங்கள். சலவைத் தூளைத் தொடாதீர்கள். அதன் காரம் கம்பளியைக் கெடுக்கும்; கறை நீக்குவதற்காக அதில் சேர்க்கும் நொதிகள் பலவும் புரதத்தைச் சிதைப்பவை, கம்பளியோ முழுக்கப் புரதம். பிளீச்சிங் நீர் அதைவிட மோசம், கம்பளியையே கரைத்துவிடும். கம்பளித் துணிக்கென்று விற்கும் மென்மையான திரவம் சில துளி போதும். செல்லப் பிராணியின் சிறுநீர் என்றால் அன்றைக்கே கவனியுங்கள். நாள் ஆக ஆக அது காரமாக மாறிச் சாயத்தைக் கலைத்துவிடும், பிறகு எங்களாலும் நிறத்தை மீட்க முடியாது.

கழுவிய கம்பளத்தைத் தட்டையாக, காற்று இரு பக்கமும் போகும்படி வைத்து, விரைவாக உலர்த்த வேண்டும். மெதுவாக உலர்ந்தால் அடிப் பருத்தியிலிருந்து பழுப்பு நிறம் மேலேறிக் குஞ்சத்தில் படியும்.

மறுமொழி

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நடமாடும் இடத்தில் கம்பளம் மிக நன்றாக இருந்தது. வெள்ளையடிப்பதற்காக சோபாவை நகர்த்தினோம். அதன் அடியில் கையகல வழுக்கைகள். நீலப் பூக்கள் இருந்த இடத்தில் வெறும் பாவு இழை தெரிந்தது. சுற்றிலும் மணல்போல் ஏதோ கிடந்தது. நீலப் பகுதியில் நீல மணல், சிவப்புப் பகுதியில் சிவப்பு மணல். அந்துப் புழுவின் எச்சம் அது. எந்த நிறக் கம்பளியைத் தின்றதோ அந்த நிறத்திலேயே வெளிவந்திருக்கிறது. அக்கா தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள், பாவம்.

பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. முட்டையிடுவதே அதன் வேலை, தின்பது புழு. இருட்டும், அசைக்கப்படாத இடமும், கொஞ்சம் அழுக்கும் இருந்தால் அதற்குப் போதும். இப்போது அக்கா மாதந்தோறும் சோபாவை நகர்த்தி, கம்பளத்தை மடக்கித் திருப்பி, முன்னும் பின்னும் வேக்குவம் கிளீனரால் தூசி எடுக்கிறாள். சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு, நூல் சாயும் பக்கமாகவே இழுப்பாள், குஞ்சத்தின் பக்கம் கொண்டுபோக மாட்டாள். சிறிய விரிப்பு ஒன்றை உறையில் இறுகக் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வைத்து எடுத்தாள். அதிலிருந்த முட்டை, புழு எல்லாம் ஒழிந்தன. அந்துருண்டையை நம்ப வேண்டாம் என்பேன். மூடாத அறையில் அது பூச்சியைக் கொல்லாது, நாற்றம் மட்டும் கம்பளியில் ஏறிக்கொண்டு போகவே மாட்டேன் என்கும்.

பழுது பார்க்கும் ஐயா, ஒரு கேள்வி. விரிக்காத கம்பளத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாமா? மடிக்கலாமா?

மறுமொழி

அம்மா, மடிக்கவே கூடாது. மடிப்பில் பாவு ஒடியும். முதலில் இருபுறமும் தூசி எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தடவிப் பார்த்து, அது வழுக்கிக்கொண்டு போகும் திசையிலேயே ஒரு குழாயின் மேல் சுருட்டுங்கள். பழைய பருத்திச் சேலை அல்லது வேட்டியால் இடைவெளி இல்லாமல் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கும், அதனால் வேண்டாம். சுருளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் படுக்கவையுங்கள். நிறுத்தி வைத்தால் ஒரு முனை நசுங்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை பிரித்து வெளிச்சத்தில் உதறி, பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் சுருட்டுங்கள். அக்கா வீட்டு வழுக்கைகளுக்கு மறுபடி முடிச்சுப் போட முடியும். பாவு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்; முடிந்தால் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.