ஷார்ட் ஸ்கேல் பேஸ்: வீட்டில் தேன், மேடையில் சொதப்பல். என்ன செய்யலாம்?

பள்ளத்தூரான்:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பத்து வருஷமாக பேஸ் கிடார் வாசிக்கிறேன். இதுவரை 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கிடார்தான். மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்தால் இடது தோள் கழன்று விழுகிற மாதிரி வலி. அதனால் போன மாதம் 30 அங்குல பேஸ் ஒன்றைப் பழசாக வாங்கினேன். விரல் எட்டுகிறது, தோளும் தப்பித்தது. வீட்டில் என் சின்ன ஆம்ப்பில் வாசித்தால் தேன்.

மேடை ஏறினால்தான் வினை. முதல் கச்சேரி கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணம். வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், மேடை. மிக்ஸரில் என் சானலை எவ்வளவு ஏற்றினாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசித்த மாதிரி மொத்தையான சத்தம். எந்த ஸ்வரம் பிடிக்கிறேன் என்று பக்கத்தில் நின்ற கீபோர்டுக்காரருக்கே பிடிபடவில்லை. சவுண்டுக்காரர் லோவைத் திருகித் திருகி, கடைசியில் தூண் ஓரம் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், "அந்தப் பெட்டி என்னத்துக்கப்பா உறுமிக்கிட்டே கெடக்கு?" என்று கேட்டுவிட்டார்.

இன்னொரு தொல்லை, இருப்பதிலேயே தடித்த ஈ கம்பி. தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) அடிக்கிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடுகிறது. மூன்று வாரத்தில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாக் கச்சேரி. பழைய கிடாரையே தூக்க வேண்டியதுதானா?

ராக்மச்சான்:

பழையதையே தூக்குங்க ப்ரோ. 30 அங்குலம் எல்லாம் சின்னப் பிள்ளைங்க பழகுறதுக்கு.

கம்பி எண்ணுபவன்:

அப்படியா? பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹோஃப்னர் 30 அங்குலம்தான். அவர் ஏறாத மேடையா? ஃபெண்டர் 1966-இல் கொண்டுவந்த மஸ்டாங் பேஸும் 30தான்.

அண்ணே, இவரை விடுங்கள். நீங்கள் எனக்கு இதைச் சொல்லுங்கள். கம்பி என்ன கனம்? பழைய கிடாரில் பேட்டரி உண்டா, புதியதில் உண்டா? வயர் நேரே மிக்ஸருக்குப் போகிறதா? குழுவில் எந்தச் சுருதிக்கு ட்யூன் செய்கிறீர்கள்?

பள்ளத்தூரான்:

கம்பி வாங்கும்போது இருந்ததுதான், ஈ 95 (0.095 அங்குலக் கனம்). பழைய கிடாருக்கு 9 வோல்ட் பேட்டரி உண்டு, இதற்கு இல்லை. வயர் நேரே மிக்ஸரின் லைன் இன்னுக்குப் போகிறது, பத்து வருஷமாக அப்படித்தான். எங்கள் பாடகருக்கு அரைக் கட்டை இறக்கினால்தான் சௌகரியம். கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், கிடார்காரர்கள் நாங்கள் இருவரும் கம்பியை இறக்கிக்கொள்வோம்.

கம்பி எண்ணுபவன்:

பிடிபட்டது. நீங்கள் ஸ்கேலை மட்டும் மாற்றவில்லை அண்ணே. ஆக்டிவ் கிடாரிலிருந்து பாஸிவ் கிடாருக்கும் மாறியிருக்கிறீர்கள். பழி மட்டும் ஸ்கேல்மேல் விழுந்துவிட்டது.

பேட்டரி உள்ள கிடாரில் உள்ளேயே சிக்னலை வலுவாக்கும் ஒரு ப்ரீஆம்ப் இருக்கும். அதுதான் ஆக்டிவ், இல்லாதது பாஸிவ். அதனால் மிக்ஸரில் நேரே செருகினாலும் தாங்கும். பாஸிவ் பிக்கப் அப்படியில்லை, அதற்கு எதிரே 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை உள்ள இன்புட் வேண்டும். கிடார் ஆம்ப்பில் அது இருக்கிறது, அதனால்தான் வீட்டில் தேன். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் பத்தாயிரம் ஓம் பக்கம்தான். அதில் செருகினால் சத்தம் குறையும், மேல் பகுதி முதலில் சாகும். மிஞ்சுவது அந்தக் கம்பளிச் சத்தம். அதைச் சரிக்கட்ட லோவைத் திருகினால் ஆச்சி திட்டத்தான் செய்வார்.

கிடாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்க ஓர் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வாங்குங்கள், பிக்கப்புக்கு வேண்டிய பெரிய இன்புட் அதில் இருக்கும். மிக்ஸர் மைக் வயர் வழியே தரும் 48 வோல்ட் மின்சாரத்திலேயே (ஃபாண்டம்) ஓடும். அதுவரை உங்கள் சின்ன ஆம்ப்பில் லைன் அவுட் இருந்தால் அதிலிருந்து எடுங்கள், அதுவும் போதும்.

அடுத்து ஈ கம்பி. ஒரே கம்பியை, ஒரே சுருதியில், 34-லிருந்து 30-க்குக் கொண்டுவந்தால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும், நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அது. இதில் அரைக் கட்டை இறக்கினால் இன்னொரு 11 சதவீதம் போகும். தொளதொளக்காமல் என்ன செய்யும்? 95-ஐக் கழற்றிவிட்டு 105 போடுங்கள், ஏறக்குறைய 22 சதவீதம் திரும்பக் கிடைக்கும். ட்யூனிங்கை இறக்காதீர்கள். ஈ-யிலேயே வைத்துக்கொண்டு பாட்டை ஒரு ஃப்ரெட் கீழே நகர்த்தி வாசியுங்கள். திறந்த கம்பியில் வாசித்த இடங்கள் மாறும், பழகப் பத்து நாள் ஆகும்.

பள்ளத்தூரான்:

105 கிடைக்கிறது. ஆனால் இங்கே விசாரித்தவரை எல்லாம் 34 அங்குலத்துக்கான செட். வெட்டிப் போடலாமா?

கம்பி எண்ணுபவன்:

ஷார்ட் ஸ்கேல் செட்டையே வரவழைப்பது நல்லது. நீளக் கம்பியைப் போட்டால் முழுக் கனம் உள்ள பகுதியே பிருடையைச் சுற்றும். தடித்த கம்பி அங்கே முறியலாம். வேறு வழியில்லை என்றால், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் இடுக்கியால் செங்கோணமாக மடக்கிவிட்டு, அந்த மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியில் வழுக்கித் தளர்ந்து, கம்பி செத்த சத்தம் தரும். நான் ஒரு செட்டையே அப்படிப் பாழாக்கியவன்.

மிக்ஸர்மாமா:

ஒலிப்பெட்டிக்காரன் சார்பாக ஒரு வார்த்தை. தம்பி, வளவுக்குள்ளே சுவரும் வழவழ, தரையும் ஆத்தங்குடிக் கல். துணி, மெத்தை எதுவும் கிடையாது, சத்தம் முட்டி முட்டித் திரும்பும். ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிச் சத்தத்தை நாங்கள் கொண்டுபோகிற டாப் பெட்டிகள் ஒழுங்காகத் தரவே தராது, காதுக்குப் பாதி வேலையை அதன் இரட்டிப்பான 82-தான் செய்கிறது. 40-ஐ வெட்டச் சொல்லுங்கள், 700, 800 பக்கம் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். சவுண்டுக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

பள்ளத்தூரான்:

திருவிழாக் கச்சேரி நேற்று முடிந்தது. டிஐ பாக்ஸ் இரவல். செருகிய உடனே சவுண்டுக்காரர், "இது வேற கிடாரா?" என்றார். 40-ஐ வெட்டினோம். நான் முதலில் சந்தேகப்பட்டேன், ஆனால் பந்தல் கடைசியில் நின்று கேட்ட எங்கள் டிரம்மர் தம்பி, பேஸ் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்டது என்கிறான். 105 கம்பியும் போட்டாயிற்று (ஷார்ட் ஸ்கேல் செட்டே மதுரையிலிருந்து வந்தது), தொளதொளப்பு போய்விட்டது.

ஒன்று மட்டும் மிச்சம். ஈ கம்பியில் முதல் ஃப்ரெட் மட்டும் சுருதி ஏறிக் கேட்கிறது. திறந்த கம்பியும் 12-ஆவது ஃப்ரெட்டும் சரியாக இருக்கின்றன.

கம்பி எண்ணுபவன்:

நட்டில் (கழுத்தின் மேல்நுனியில் கம்பிகள் உட்காரும் கட்டை) உள்ள காடி 95-க்கு வெட்டியது. 105 உள்ளே இறங்காமல் மேலே உட்கார்ந்திருக்கும். அதை அரத்தால் ஒரு மயிரிழை அகலப்படுத்த வேண்டும். நீங்களே ராவாதீர்கள், அதிகமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும். கம்பி கனம் கூடியதால் கழுத்தும் கொஞ்சம் வளைந்திருக்கும், அந்த வளைவைச் சரிசெய்யக் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டை, ட்ரஸ் ராடை, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்:

சரி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அதுவரை அந்த முதல் ஃப்ரெட் ஸ்வரமான எஃப் வருகிற இடத்தில் டி கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் மேல் எஃப் பிடித்துச் சமாளிக்கிறேன்.