சிடிபிஜி (ஊர் மேம்பாட்டுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் மானியம்) பணத்தை நகரம் எப்படிப் பிரிக்கிறது? எங்கள் தெரு நடைபாதைக்குக் கேட்க முடியுமா?

மலர்விழி_நியூஜெர்சி:

அனைவருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் ஏழு வருடமாக இருக்கிறோம். எங்கள் அபார்ட்மென்ட் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை போகும் நடைபாதை பாதி வழியில் நின்றுவிடுகிறது. அப்புறம் வெறும் புல்தான். மாமியார் வாக்கர் வைத்து நடப்பவர். பனிக்காலத்தில் கார்கள் போகும் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இதே நிலைமைதான்.

போன மாதம் கவுன்சில் கூட்டத்தில் இதைப் பேசினேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ஒரு அலுவலர், "இது சிடிபிஜியில் கேட்க வேண்டியது, ஆனால் இந்த வருடத்துக்குப் பட்டியல் முடிந்துவிட்டது" என்றார். அது மத்திய அரசுப் பணம் என்று தெரிகிறது. யார் எப்படிப் பிரிக்கிறார்கள், நான் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணேசன்_ஒஹாயோ:

வணக்கம் மலர்விழி. ஒஹாயோவில் எங்கள் ஊர்க் குடிமக்கள் ஆலோசனைக் குழுவில் நான்கு வருடம் உட்கார்ந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தாமதமாக வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

1974இல் வந்த சட்டம் இது. அதுவரை தனித்தனியாக இருந்த நகரப் புதுப்பிப்புத் திட்டங்களை ஒன்றாக்கி, "உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று நகரங்களிடம் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்தார்கள். ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறை வழியாக வருகிறது. சமீப வருடங்களில் நாடு முழுவதற்கும் சுமார் 330 கோடி டாலர். அதில் 70 சதவீதம் பெரிய நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நேரடியாகப் போகிறது. மீதி மாநிலங்கள் வழியாகச் சிறிய ஊர்களுக்கு.

எந்த ஊருக்கு எவ்வளவு என்பதில் யாரும் சிபாரிசு செய்ய முடியாது. இரண்டு கணக்கு போடுவார்கள். ஒன்றில் மக்கள்தொகை, வறுமை, வீட்டு நெரிசல். இன்னொன்றில் வறுமை, மக்கள்தொகை வளர்ச்சியில் பின்தங்கியது, 1940க்கு முன் கட்டிய வீடுகள். எதில் அதிகம் வருகிறதோ அதுதான் ஊருக்கு. எங்களுடையது பழைய தொழிற்சாலை ஊர், ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் இரண்டாவது கணக்குதான் எங்களைக் காப்பாற்றுகிறது.

ஊருக்குள் வந்தபின் பிரிப்பதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. பத்து லட்சம் டாலர் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. உணவு, டியூஷன், முதியோர் சேவை போன்றவற்றுக்கு 15 சதவீதம் உச்சவரம்பு. அந்த ஒன்றரை லட்சத்துக்கு இருபது அமைப்புகள் வந்து நிற்கும். அவர்களில் யாரை வேண்டாம் என்பது என்று நாங்கள் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறோம், அது மனதுக்குக் கஷ்டமான வேலை. நடைபாதை இந்த 15 சதவீதத்துக்குள் வராது. வீடு பழுதுபார்ப்பு, பூங்கா, சாலை, நடைபாதை எல்லாம் மீதியுள்ள பெரிய பகுதியில். அங்கே உங்களுக்கு இடம் உண்டு.

கவுன்சில் வாக்களிக்கும் நாளில் போய்ப் பேசினால் அநேகமாகப் பலன் இருக்காது. பட்டியல் அதற்குப் பல மாதம் முன்பே உருவாகிவிடுகிறது. வருடத்துக்குக் குறைந்தது இரண்டு பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது விதி. முதலாவது தேவைகளைக் கேட்பதற்கு. எங்கள் ஊரில் அது இலையுதிர் காலத்தில் நடக்கும், அதிகம் போனால் பத்துப் பேர் வருவார்கள். அங்கே போங்கள். வரைவுத் திட்டம் வந்தபின் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள், அப்போதும் எழுத்தில் கொடுங்கள். சமுதாய மேம்பாட்டுத் துறைக்கு இப்போதே ஒரு ஃபோன் போட்டு, அறிவிப்புப் பட்டியலில் உங்கள் மின்னஞ்சலைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ரேவதி_டெக்சஸ்:

கணேசன் சார் சொன்ன 15 சதவீதத்தில் நாங்கள் வாங்கியிருக்கிறோம், முதியோர் மதிய உணவுக்கு. இதைப் படித்துவிட்டுத் தமிழ்ச் சங்கம் வழியாகக் கேட்கலாம் என்று யாராவது நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் முன்பணம் கிடையாது. நாம் முதலில் செலவழித்து, ரசீது கொடுத்து, அப்புறம் வாங்க வேண்டும். எங்களுக்கு முதல் தவணை வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை உறுப்பினர்கள் கைக்காசு போட்டுச் சமைத்தோம். ஏற்கெனவே அந்த ஊர் தன் பணத்தில் செய்துவரும் சேவையாக இருந்தாலும் தரமாட்டார்கள். புதிதாக இருக்க வேண்டும், அல்லது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூட்ட வேண்டும்.

மலர்விழி_நியூஜெர்சி:

இருவருக்கும் மிக்க நன்றி. கணேசன் சார், துறைக்கு ஃபோன் செய்தேன். பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் எங்கள் பகுதியில் குறைந்த வருமானக்காரர்கள் 51 சதவீதம் இல்லை, அதனால் நடைபாதைக்கு வாய்ப்புக் குறைவு என்கிறார்கள். எங்கள் வளாகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சாதாரண சம்பளக்காரர்கள்தான். எதிரே உள்ள தனிவீடுகளையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.

கணேசன்_ஒஹாயோ:

அந்த 51 உண்மையான விதிதான், அலுவலர் மேல் குறையில்லை. ஒரு பகுதி முழுவதற்கும் பயன்படும் வேலை என்றால், அங்கே குடியிருப்பவர்களில் 51 சதவீதமாவது வட்டார நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிளாக் குரூப் வாரியாக, அதாவது சென்சஸில் பிரிக்கும் சிறு சிறு பகுதிகள் வாரியாக, ஹட் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. ஆனால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நடைபாதையால் யாருக்குப் பயன் என்ற எல்லை சென்சஸ் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. உங்கள் வளாகம்தான் அதன் பயன்பாட்டுப் பகுதி என்று நியாயமாகக் காட்ட முடிந்தால், நகரம் வீடு வீடாக வருமானக் கணக்கெடுப்பு நடத்தலாம். அடுத்து, வசதியான ஊர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. 51 எட்டும் பகுதிகளே அதிகம் இல்லாத ஊரில், குறைந்த வருமானக்காரர்கள் அதிகமுள்ள கால் பங்குப் பகுதிகளை ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் ஊர் அந்த வகையா என்று கட்டாயம் கேளுங்கள்.

உங்கள் மாமியாருக்கு இவற்றைவிட நெருக்கமான வழி ஒன்று இருக்கிறது. முதியோருக்கும் கடுமையான உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் நடக்கத் தடையாக இருப்பதை நீக்கும் வேலை, அதாவது தெருமுனைகளில் சரிவு வைப்பது மாதிரி, அது மட்டும் என்றால் 51 கணக்கே தேவையில்லை. நடைபாதை முழுவதும் இதில் கிடைக்காது. முனைகள் கிடைக்கும். எங்கள் ஊரில் பழைய கடைத்தெரு மூலைகளை இப்படித்தான் மாற்றினோம்.

கேட்கும்போது "சரிசெய்யுங்கள்" என்று எழுதாதீர்கள். விரிசல் பூசுவது, குழி அடைப்பது பராமரிப்பு வேலை, அதற்கு இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. "புதிதாக அமைக்க வேண்டும்" என்று எழுதுங்கள். எந்த மூலை, அங்கே விளிம்பு எத்தனை அங்குல உயரம், யார் நடக்கிறார்கள் என்று படத்தோடு கொடுங்கள்.

மலர்விழி_நியூஜெர்சி:

சனிக்கிழமை மாமியாரோடு நடந்து எண்ணிவிட்டோம் சார். பஸ் ஸ்டாப் வரை ஐந்து மூலை, மூன்றில் சரிவு இல்லை. ஒவ்வொன்றிலும் அவர் வாக்கரோடு நிற்பதைப் படம் எடுத்திருக்கிறேன். வளாகத்தில் வாக்கரோ சக்கர நாற்காலியோ வைத்திருப்பவர்கள் பதினொரு பேர். பக்கத்து வீட்டுப் பாட்டி தானும் விசாரணைக்கு வந்து பேசுவதாகச் சொல்கிறார். அவருக்குக் குஜராத்தி மட்டும்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று துறைக்கு எழுதிவிட்டேன்.